தரை தொடாத காவடி

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். ஆடிக் கிருத்திகையன்று அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. தலையும் காவடியும் மஞ்சள் துணியும்தான் தெரியும். எள் போட்டால் எள் விழாது என்பார்கள். எள்ளைப் போடக் கையைத் தூக்கவே இடமில்லாத கூட்டம் அது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, பாதி மலையில் இருந்த நிழல் மண்டபத்தில், அம்சாவின் தம்பி கஜபதி கல் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி முப்பது பேர் கைகூப்பி நின்றார்கள்.

கஜபதியை வாரா வாரம் இந்தத் தொடரில் பார்த்து வருகிறவர்களுக்கு அவன் கதை தெரியும். இன்றுதான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. அம்மையார்குப்பத்தில் ஆறு விசைத்தறி ஓட்டும் பஞ்சாட்சரத்துக்கு அவன் ஒரே மகன். வயது இருபத்து மூன்று. பட்டணத்தில் லுங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனவன், இரண்டு வருஷத்தில் சதை கரைந்து கண் குழிந்து பாதி ஆளாகத் திரும்பினான். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். செய்வினை என்று தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் தாயார் ஞானம்மாள் தணிகைமலையானுக்குப் புஷ்பக் காவடி நேர்ந்துகொண்டாள். விரதம் இருப்பதற்காக, மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அம்சாவின் வீட்டுக்கே மூன்று நாள் முன்னால் அவனை அழைத்து வந்தார்கள். அந்த மூன்று நாளும் கஜபதி வாசல்படி தாண்டவில்லை. பட்டணத்துப் பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது.

இன்று காலை சரவணப் பொய்கையில் முழுகிவிட்டுப் பதினோரு காவடிகள் ஒன்றாகக் கிளம்பின. பம்பை முழங்கியது. கஜபதி நூறு படி நன்றாகத்தான் ஏறினான். அப்புறம் கொட்டாவி விட ஆரம்பித்தான்.

ஒன்றல்ல, இரண்டல்ல. தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படும்படி வரிசையாக விட்டான்.

"கொட்டாவி வுடறான் பாரு! சாமி எறங்கப் போவுது!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

இந்தப் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. குறி சொல்கிறவர்களுக்கு அருள் வருமுன் கொட்டாவி வரும், கண்ணில் நீர் வரும், உடம்பு மயிர்க்கூச்செறியும். கஜபதிக்கு மூன்றும் வந்தன. பிறகு கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. அவன் சரிந்தான்.

தூக்கிய காவடி சந்நிதி போய்ச் சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. அவன் சரிவதற்குள் அது தோள் மாறிவிட்டது. கஜபதியோடு பட்டணத்தில் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் பெருமாள், அவனும் அதே வீட்டில் அதே விரதம் இருந்தவன், தாவி வந்து காவடியை ஏந்திக்கொண்டான். "அரோகரா!" என்ற சத்தத்தோடு மற்றப் பத்துக் காவடிகளும் அவனோடு மேலே போயின. கஜபதியை மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

பஞ்சாட்சரத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஐம்பத்தெட்டு வயது மனுஷன், ஊரில் நாலு பேர் முன்னால் சிரிக்காதவர், மகன் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்.

"எம்பெருமானே! எம் புள்ள மேல எறங்கி வந்துட்டியே!" என்றார். குரல் உடைந்து போயிற்று.

அம்சாவுக்கும் மெய் சிலிர்த்தது. பொய் சொல்வானேன்? அவளும் கைகூப்பித்தான் நின்றாள். தன் வீட்டுப் பிள்ளை, மூக்கு ஒழுகத் தன் இடுப்பில் வளர்ந்த பிள்ளை, இன்று இத்தனை பேர் கும்பிடும்படி உட்கார்ந்திருக்கிறானே என்று நினைத்தாள்.

தாயம்மாள் என்ற ஒரு பெண், கைக்குழந்தையைக் கஜபதியின் மடியில் கிடத்தினாள். "சாமி, இதுக்குப் பொறந்ததுலேருந்து இழுப்புங்க. ஒரு வாக்கு குடு சாமி" என்று அழுதாள். பின்னால் நின்ற நகரிப் பக்கத்து யாத்திரிகர்கள் "சாமி வச்சினாடு, சாமி வச்சினாடு" என்று, சாமி வந்துவிட்டதைத் தெலுங்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கஜபதி பல்லைக் கடித்தபடி, "வுட்டுடுங்க... என்ன வுட்டுடுங்க" என்று முனகினான்.

"கேட்டியா? உள்ள இருந்த கெட்டது கெஞ்சுது. இப்ப போயிடும்" என்றாள் ஞானம்மாள். மகன் முகத்தைத் துடைக்கச் சொல்லி மகளிடம் முந்தானையை நீட்டினாள்.

அம்சா குனிந்து துடைத்தாள். மூக்கிலிருந்து தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது. அவன் கையில் மயிர்க்கால்கள் உரித்த கோழித்தோல் மாதிரி புடைத்திருந்தன. கண்ணைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்திலும் கருவிழிக்குள் இருந்த கறுப்பு வட்டம் அகலத் திறந்துகிடந்தது.

முந்தானை பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கண்ணை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆளுயரத்துக்கு, ஒரு வெள்ளை வேட்டியின்மேல்.

அது இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது. மாதர் சங்கத்தில் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த வீட்டு வரலட்சுமியையும் இழுத்துக்கொண்டு அம்சா கல்யாணச் சத்திரத்துக்கு ஓடினாள். சினிமா என்றுதான் நினைத்தாள். வறுத்த வேர்க்கடலைகூட மடியில் கட்டிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் பட்டணத்திலிருந்து வந்த சந்திரா என்ற டாக்டரம்மா, கட்டித் தொங்கவிட்ட வேட்டியின்மேல் ஒவ்வொரு படமாக விழவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வரலட்சுமி கடலையைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். அம்சா தூங்கவில்லை. மனுஷ மூளையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். கோடி நூல் பிணைத்து நெய்தது போல அது வேட்டியை நிறைத்து ஒளிர்ந்தது. இவ்வளவையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டா நாம் அரிசி களைகிறோம், சண்டை போடுகிறோம் என்று வாய்பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வலியை நாமே ஆத்திக்கறதுக்கு உடம்புக்குள்ளயே ஒரு மருந்து சுரக்குதும்மா" என்றார் டாக்டரம்மா. "பிரவுன் சுகர்ங்கற இந்தப் பழுப்புப் பவுடர் அந்த மருந்து மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு உள்ளே போகும். போகப் போக, உடம்பு தன் வேலையை மறந்துடும். திடீர்னு பவுடரை நிறுத்தினா கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் கோழித்தோல் ஆகும், கால் உதைச்சுக்கும், இதோ இந்தப் படத்துல இருக்கற மாதிரி கண்ணுக்குள்ள கறுப்பு வட்டம் அகலமாயிடும். ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் ரொம்பக் கொடுமை."

ஒரு கிழவி எழுந்து, அதெல்லாம் காசுக்காரப் பிள்ளைகள் சமாசாரம், நம்மூருக்கு எங்கே வரப்போகிறது என்று கேட்டாள்.

"அரக்கோணத்துல நின்னு வர்ற ரயில் காசுக்காரங்களை மட்டுந்தான் ஏத்திக்குதா பாட்டி?" என்றார் டாக்டரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்சாவும் சிரித்தாள். சிரித்தவள்தான். வீட்டுக்குப் போய் உலை வைத்ததும் பாதியை மறந்துவிட்டாள்.

மறந்தது எல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் வந்து நின்றது.

அவள் தம்பியின் காதருகே குனிந்தாள். "கஜா. நிறுத்தி எத்தினி நாளாச்சு?"

அவன் நடுக்கத்தோடு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முப்பது பேர் கும்பிட்டபோது பயந்துபோயிருந்த அந்த முகத்தில், முதல்முறையாக ஒரு ஆறுதல் வந்தது.

"மூணு நாளுக்கா" என்றான். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

அம்சா நிமிர்ந்தாள். குழந்தையை எடுத்துத் தாயம்மாளிடம் கொடுத்தாள். "அம்மா, இது சாமி இல்லம்மா. எந் தம்பிக்கு ஒடம்பு சரியில்ல. கொழந்தைக்கு இழுப்புன்னா அரக்கோணத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போங்க, சும்மா இருக்காதீங்க" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "காத்து வரட்டும், கொஞ்சம் நவுந்துக்கோங்க" என்றாள்.

கூட்டம் முணுமுணுத்தது. வந்த சாமியை விரட்டுகிறாளே என்றாள் ஒருத்தி. ஆனாலும் மேலே போக இன்னும் இருநூறு படி இருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள்.

பஞ்சாட்சரம் எழுந்து நின்றார். நெற்றியில் கல்தரையின் தூசி ஒட்டியிருந்தது.

"இன்னா பேசிகினு கீற நீ? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று கையை ஓங்கிவிட்டார்.

"அடிங்க நைனா. அடிச்சிட்டு கேளுங்க" என்றாள் அம்சா. அப்பனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "இவனுக்குப் பேயும் புடிக்கல, சாமியும் வரல. பட்டணத்துல பவுடரு பழகிட்டான். மூணு நாளா அத நிறுத்திகினு கீறான். அதான் இந்த நடுக்கம்."

"பவுடரா? சாராயம்னா சொல்லு, புரியும். கஞ்சான்னா சொல்லு. மூஞ்சிக்குப் போடறதையாடி திம்பாங்க?"

"அக்கா சொல்றது நெசம் நைனா" என்றான் கஜபதி கீழேயிருந்து. "மொதல்ல சும்மா ஒரு தபா இழுத்துப் பாத்தேன். ஒடம்பு வலியெல்லாம் பறந்துடுச்சி. அப்புறம் அது இல்லாட்டி எழுந்து நிக்கவே முடியல. கெட்ட பேரு எடுக்கணும்னு செய்யல நைனா."

பஞ்சாட்சரம் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஞானம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மகன் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள். பெற்றவளுக்கு அந்தக் கால் இழுப்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது.

அம்சா தனக்குப் புரிந்த அளவில் சொன்னாள். வேட்டியில் விழுந்த படத்தைச் சொன்னாள். உடம்பு தன் மருந்தைச் சுரக்க மறந்துபோவதைச் சொன்னாள். டாக்டர் பாஷை அவளுக்கு வரவில்லை, தடுமாறினாள். பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே கேட்டார். "மோட்டாரு போட்டப்புறம் எங் காலு கைத்தறி மிதிபலகைய மறந்து போச்சி. கரண்டு நின்னா தறியும் நிக்குது, நானும் நிக்கறேன். அந்த மாதிரியா?"

"ஆங், அந்த மாதிரிதான் நைனா! காலு திரும்பப் பழகற வரைக்கும் நோவும். ஆனா பழகிக்கும். அதுக்கு மருந்து கீதாம், பெரியாஸ்பத்திரியில பாக்கறாங்களாம். வூட்ல பூட்டி வெச்சா மட்டும் போதாதாம்."

பஞ்சாட்சரம் மகனைப் பார்த்தார். மூன்று நாளாக அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவர் மனதில் வேறு மாதிரி ஓடியிருக்க வேண்டும். சோற்றைத் தொடாமல் ஒதுக்கியது, ஆடி வெக்கையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டது, விடிகாலையில் கிணற்றடியில் வாந்தி எடுத்தது. விரதம், விரதம் என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசினாரே, அந்த விரதம்.

"இத்தினி நோவ வெச்சிகினு நூறு படி ஏறினியாடா?" என்றார் மெதுவாக. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாம?"

"சொன்னா வெட்டிப் போட்டுடுவீங்கன்னு பயம் நைனா."

அவர் தாமாகவே மகன் அருகே உட்கார்ந்தார். வேர்வையில் நனைந்த அந்தத் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சற்று முன் சாமி என்று அதே தலைக்குக் கீழே விழுந்தவர்தான். ஆனால் இப்போதுதான் அவர் பார்வையில் நிஜமான பிரமிப்பு இருந்தது என்று அம்சாவுக்குத் தோன்றியது. தன் பிள்ளை எவ்வளவு பெரிய காரியத்தைத் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறான் என்று அந்தக் கிழவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சா தம்பியின் கையைத் தேய்த்துவிட்டாள். "கஜா, உங்கிட்ட இன்னும் ஏதாச்சும் கீதா? மறைக்காம சொல்லு. மூணு நாள் நிறுத்தினவன் பழையபடி அதே அளவு எடுத்தா ஒடம்பு தாங்காதாம், மூச்சு நின்னுடுமாம். அந்த டாக்டரம்மா ரெண்டு தபா சொன்னாங்க. அப்படித்தான் நெறைய பேரு போறாங்களாம்."

கஜபதியின் கை அவள் கைக்குள் விறைத்தது.

"அப்படியா சொன்னாங்க?"

"ஆங். இன்னாடா?"

"கடைசிப் பொட்டலம் ஒண்ணு வெச்சிருந்தேங்கா. தூக்கிப்போட மனசு வரல. சாமி காலடியில போட்டுட்டு வந்துடலாம்னு ஒரு நெனப்பு. நோவு தாங்கலன்னா இருக்கட்டும்னு ஒரு நெனப்பு. ரெண்டுந்தாங்கா." அவன் அழ ஆரம்பித்தான். "காவடியில தொங்கற துந்நூறு பையில, விபூதியோட கட்டி வெச்சேன்."

"காவடி...?"

"பெருமாளுக்குத் தெரியும். அவனும் எங்கூடத்தான் பழகினான். ரெண்டு பேரும் ஒண்ணா வுட்டுடலாம்னு சத்தியம் பண்ணோம். அவனுக்கும் இன்னிக்கு மூணாம் நாளுக்கா."

மூன்று நாளாக மேல்துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்த பெருமாளை அம்சா நினைத்தாள். ஜலதோஷம் என்று அவனுக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்திருந்தாள். மேலே பார்த்தாள். அந்தப் புஷ்பக் காவடி எப்போதோ திருப்பம் தாண்டிப் போயிருந்தது. நூறு நூறு காவடிகள் அசைந்தன. எது எதுவென்று யார் கண்டது?

பஞ்சாட்சரம் மகன் தலையை மனைவி மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இந்தப் பவுடருக்கென்று போன வருஷம்தான் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பிடிபட்டால் வருஷக் கணக்கில் உள்ளேதான் என்று டாக்டரம்மா சொன்னதை அம்சா சற்று முன்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். மேலே ஏறும் கூட்டத்தைப் பார்த்தார். அதில் அம்மையார்குப்பத்துக்காரர்கள் எத்தனையோ பேர். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டியவர்கள்.

அவர் ஏறி ஓடப் பார்த்தார். நாலாவது படியிலேயே கூட்டம் அவரைத் தடுத்தது. உடனே அங்கேயே நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"அய்யா! மேல போறவங்களே! சாமந்திப்பூ காவடி, பச்சத் துண்டு கட்டின பையன், பேரு பெருமாளு! அவன நிறுத்துங்க! காவடியில துந்நூறு பையில பவுடரு கீது. அத அவன் இப்போ எடுத்தான்னா செத்துடுவான்! எம் புள்ளையும் அதத் தின்னவன்தான், தோ படுத்துகினு கீறான் பாருங்க! வெக்கத்த வுட்டு சொல்றேன், அந்தப் பையன நிறுத்துங்கய்யா!"

இரண்டு நொடி எல்லாரும் அவரையே பார்த்தார்கள். போலீஸ்காரரின் விசில் நின்றது.

விசிலை வாயிலிருந்து எடுத்த போலீஸ்காரர், மேல்படியில் நின்ற இன்னொரு காக்கிச் சட்டைக்குக் கை காட்டி உரக்கச் சொன்னார்: "பச்சத் துண்டு! பெருமாளுன்னு பேரு! நிறுத்து!"

அவருக்கு மேலே நின்ற பூக்காரி அதை வாங்கிக் கத்தினாள். அவளுக்கு மேலே பால்குடம் எடுத்தவர்கள் கத்தினார்கள். நகரிக்காரர்கள் "பெருமாளு அண்ட! ஆபண்டி! ஆபண்டி!" என்று நிறுத்தச் சொல்லித் தெலுங்கில் கத்தினார்கள். அரோகரா அடங்கியது. அதன் இடத்தில் ஒரே ஒரு பெயர், எந்தக் காலும் ஏறமுடியாத வேகத்தில், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவிப் படிப்படியாக ஏறியது. யாரென்றே தெரியாத ஒரு பையனுக்காக அந்த மலை முழுவதும் கூப்பிட்டது.

அம்சா கைகளைக் கூப்பினாள். இத்தனை வருஷம் இந்த மலையடியில் குடியிருந்தும் இப்படி ஒன்றை அவள் கண்டதில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பெயர் திருப்பத்தைத் தாண்டியது. சத்தம் சின்னதாகித் தேய்ந்தது. அப்பால் இன்னும் நூற்றுச் சொச்சம் படி. பஞ்சாட்சரம் தூக்கிய கைகளைக் கீழே விடாமல் நின்றார். கஜபதி தாயின் மடியிலிருந்து தலையைத் தூக்கி மேலேயே பார்த்தான்.

மேலேயிருந்து இன்னும் எந்தக் குரலும் இறங்கி வரவில்லை.